ஜாம், ஜெலி, மாமலேட் எல்லாம் ஒன்றுதானே? சீனியில் காய்ச்சிய பழத்துக்கு ஏன் இத்தனை பெயர்?

அரைவாசி சரி. எல்லாம் பழமும் சீனியும்தான். பழத்தில் எதைச் சட்டிக்குள் விடுகிறோம், எதை வெளியே எறிகிறோம் என்பதில்தான் பெயர் மாறுகிறது.

நான் முல்லைத்தீவில் ஒட்டுசுட்டான் பக்கம். வளவில் இரண்டு விளாமரம் நிற்கிறது. விளாம்பழத்தை உடைத்து, களியைத் தண்ணீரில் கரைத்து, விதையும் நாரும் போக அரித்தெடுத்துச் சீனியோடு காய்ச்சினால் ஜாம். மண்ணிறம், நல்ல தடிப்பு. அதே களியை நிறையத் தண்ணீர் விட்டு அவித்து, துணியில் கட்டி இரவு முழுக்கத் தொங்கவிட்டு, தானாகச் சொட்டும் சாற்றை மட்டும் சீனியோடு காய்ச்சினால் ஜெலி. துணியைப் பிழியக் கூடாது. அவசரத்தில் நான் ஒருமுறை பிழிந்துவிட்டேன். கண்ணாடி போல வரவேண்டியது வற்றுகிற குளத்துத் தண்ணி மாதிரிக் கலங்கி வந்தது. (எங்கள் கடைகளில் ஜெலி என்று கேட்டால் ஜெலற்றின் போட்டுத் தளதளக்கும் இனிப்பைத்தான் தருவார்கள். அது வேறு கதை.)

ஏன் இறுகுகிறது என்று தெரிந்தால் மற்றதெல்லாம் லேசு. பழத்தில் இருக்கும் பெக்டின் என்ற பசைப்பொருள், புளிப்பு, சீனி மூன்றும் சேரவேண்டும். காய்ச்சி முடிகிறபோது சட்டியில் சீனி நூற்றுக்கு 65 அளவில் நிற்கும், சூடு 105 பாகை செல்சியஸை அண்டும். என் முதல் கொய்யா ஜாம் இறுகவே இல்லை, பாணியாக ஓடியது. கீழே விழுந்த கனிந்த பழமாகப் பொறுக்கிப் போட்டிருந்தேன். பெரியம்மா சட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, "கனிஞ்சதை மட்டும் போட்டால் எப்பிடியடி இறுகும்? செங்காயும் சேர்க்கவேணும், தேசிப்புளியும் விடவேணும்" என்றா. பெக்டின் என்ற சொல்லை அவ கேள்விப்பட்டதே இல்லை. ஆனால் அது கனியக் கனியக் குறையும், செங்காயில்தான் கூட. வெப்பமானியும் அவவிடம் இல்லை. குடத்துத் தண்ணியில் குளிரவைத்த பீங்கானில் ஒரு துளி விட்டு, விரலால் தள்ளுவா. மேலே சுருக்கம் விழுந்தால் அடுப்பை நூர்க்கலாம்.

மாமலேட்டுக்குத் தோடம்பழம், நாரத்தை, தேசிக்காய் வகைகள்தான், அதுவும் தோலோடு. வெள்ளைச் சதையிலும் விதையிலும்தான் பெக்டின் கிடக்கிறது. விதைகளைத் துணியில் முடிந்து கூடவே அவிப்பது அதனால்தான். தோல் நன்றாக அவிந்த பிறகே சீனி போடவேண்டும், முந்திப் போட்டால் தோல் விறைத்துவிடும். பெயர் வந்தது போர்த்துக்கேய மொழியில் மார்மெலோ என்ற பழத்திலிருந்து. அது தோடை இனமே இல்லை! நாங்கள் அதைப் பூசித் தின்னும் பாணும் அவர்கள் தந்த சொல்தான். பெயர் விஷயத்தில் ஐரோப்பியர்கள் விசித்திரமானவர்கள்: 2001இல் போட்ட ஜாம் சட்டத்தில் கரட்டையும் பழமாகக் கணக்கெடுத்திருக்கிறார்கள்.

பிரிசர்வ் என்பது துண்டு துண்டாக, உருக்குலையாத பழம் பாகில் கிடப்பது. மாம்பழமோ அன்னாசியோ, சீனியில் ஓர் இரவு ஊறவைத்துக் காய்ச்சினால் துண்டு கரையாது. பழ பட்டரில் பட்டர் இல்லை. களியை மெல்லிய நெருப்பில் நெடுநேரம் வற்றவிடுவது, சீனி குறைவு. லெமன் கேர்ட்டில்தான் முட்டையும் பட்டரும் இருக்கிறது. கேர்ட் என்றதும் முல்லைத்தீவுக்காரர் எருமைத் தயிர்ச் சட்டியைத் தேடவேண்டாம். ஆனால் தயிரைப் போலவே அதையும் குளிர்சாதனப் பெட்டியில்தான் வைக்கவேண்டும். ஜாம் போல அலுமாரியில் வைத்தால் பழுதாகிவிடும்.

ஜாம் ஏன் பழுதாவதில்லை? பழத்தில் இருக்கும் தண்ணியைச் சீனி பிடித்து வைத்துக்கொள்கிறது, கிருமிக்குக் கிடைப்பதில்லை. தொண்ணூறுகளில், பொருளாதாரத் தடைக் காலத்தில், வன்னியில் சீனி விற்ற விலைக்கு ஜாம் காய்ச்சுவதை நினைத்தே பார்க்க ஏலாது. தேத்தண்ணிக்கே பனங்கட்டியைக் கடித்துக்கொண்ட நாட்கள். அப்போது எங்களுக்குப் பனாட்டுத்தான். பனம்பழத்தைப் பிசைந்து களி எடுத்து, பாயில் பரவி, காயக் காய மேலே இன்னொரு படை ஊற்றி வெயிலில் விடுவது. சீனி ஒரு கரண்டிகூட இல்லை. சீனி பிடித்துவைக்கும் தண்ணியை வெயில் ஒரேயடியாகத் துரத்திவிடுகிறது. பழ பட்டரை அடுப்பிலிருந்து இறக்கி வெயிலில் கிடத்தினால் பனாட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். பாணில் பூச ஏலாது, கடித்துத்தான் இழுக்கவேண்டும்.

அந்தப் பனாட்டை வெட்டிப் பனம்பாணியில் ஊறப்போட்டால் பாணிப்பனாட்டு. நான் சொன்ன கணக்குப்படி அது பிரிசர்வில் சேரும். பெரியம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். "விசர்க்கதை கதையாதை" என்றுவிட்டா.