இரண்டு டிகிரி வாங்கினால் ஓ.பி.டி. இரட்டிப்பாகுமா?

கேள்வி: பி.இ. மின்னியல் படித்துவிட்டு மூன்று வருடமாக வேலையில் இருக்கிறேன். அமெரிக்காவில் எலக்ட்ரிகல் இன்ஜினியரிங் எம்.எஸ்.ஸையும் எம்.பி.ஏ.வையும் சேர்த்து டூயல் டிகிரியாகப் படிக்க ஆசை. "ஒவ்வொரு டிகிரிக்கும் தனித்தனியாக மூன்று வருடம் ஓ.பி.டி. உண்டு, ஆக மொத்தம் ஆறு வருடம் வேலை பார்த்துக் கடனை அடைத்துவிடலாம்" என்கிறார் கன்சல்டன்ட். நம்பி இறங்கலாமா?

பதில்: நம்பாதீர்கள். படிக்கிற ஆசை தப்பில்லை, அந்த ஆறு வருடக் கணக்குதான் தப்பு. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் படித்து முடித்தவர் வேலை பார்க்கத் தருகிற அனுமதிதான் ஓ.பி.டி. அதை டிகிரியின் எண்ணிக்கையைப் பார்த்துக் கொடுப்பதில்லை, படிப்பின் நிலையைப் பார்த்துக் கொடுக்கிறார்கள். இளநிலைக்கு ஒரு தடவை, முதுநிலைக்கு ஒரு தடவை, முனைவர் பட்டத்துக்கு ஒரு தடவை. எம்.எஸ்.ஸும் முதுநிலை, எம்.பி.ஏ.வும் முதுநிலை. நீங்கள் நாலு முதுநிலைப் பட்டம் வாங்கினாலும் கிடைக்கப்போவது அதே 12 மாதம், அதோடு ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் உள்ள படிப்பு என்பதால் 24 மாத நீட்டிப்பு, ஆக 36 மாதம். அவ்வளவுதான்.

அப்புறம் இந்த "ஸ்டெம் எம்.பி.ஏ." வியாபாரம். சாதாரண எம்.பி.ஏ. ஸ்டெம் பட்டியலில் கிடையாது. சில கல்லூரிகள் தங்கள் எம்.பி.ஏ.வை, அல்லது அதில் ஒரு பிரிவை, மேலாண்மை அறிவியல் என்கிற வகைப்பாட்டின் கீழ் கொண்டுவந்து ஸ்டெம் ஆக்கிவிட்டன, அது சட்டப்படியே செய்வதுதான். ஆனால் அதற்காகவே அதிகக் கட்டணக் கல்லூரியாகப் பார்த்து உங்களைத் தள்ளிவிடுகிறார்களே, அது எதற்கு? எலக்ட்ரிகல் இன்ஜினியரிங் ஏற்கெனவே ஸ்டெம். டூயல் டிகிரியில் ஒரு கால் அங்கே இருக்கும்போது இன்னொரு ஸ்டெம் முத்திரைக்குத் தனியாகக் காசு கொடுக்க வேண்டியதில்லை. ஒன்றே ஒன்றைக் கவனியுங்கள்: மாணவர் விசாவுக்காகக் கல்லூரி தருகிற ஐ-20 படிவத்தில் எலக்ட்ரிகல் இன்ஜினியரிங்கும் ஒரு மேஜராக, அதாவது பட்டத்துக்கான பாடமாக, ஏறியிருக்க வேண்டும். முதன்மை மேஜர், இரண்டாம் மேஜர் என்று அதில் தனித்தனி இடம் உண்டு. எம்.பி.ஏ. சேர்க்கை அலுவலகம் தன் பாட்டுக்கு "பிசினஸ் அட்மினிஸ்ட்ரேஷன்" என்று மட்டும் போட்டு அனுப்பிவிட்டு, பிறகு கேட்டால் இன்ஜினியரிங் துறையைக் கேள் என்பார்கள், அவர்கள் சர்வதேச மாணவர் அலுவலகத்தைக் கைகாட்டுவார்கள். ஒரே வளாகத்துக்குள் இருக்கிற மூன்று அலுவலகமும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள அப்படி என்னதான் தடையோ!

ஒரு விதிவிலக்கு இருக்கிறது, இதைத்தான் கன்சல்டன்ட்கள் அரைகுறையாகக் கேட்டுக்கொண்டு வந்து உங்களிடம் திரித்துச் சொல்கிறார்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன். ஒருவர் இரண்டையும் சேர்த்துப் படிக்காமல், முதலில் எம்.எஸ். முடித்து, ஓ.பி.டி.யைத் தொடாமல் நேராக எம்.பி.ஏ.வில் சேருகிறார் என்று வையுங்கள். அது ஸ்டெம் அல்லாத எம்.பி.ஏ. அதை முடித்ததும் 12 மாத ஓ.பி.டி. எடுக்கிறார். அது முடிகிற நேரத்தில், முன்பு வாங்கிய எம்.எஸ்.ஸைக் காட்டி 24 மாத நீட்டிப்பு கேட்கலாம். அந்த எம்.எஸ்., நீட்டிப்புக்குக் கல்லூரி பரிந்துரைக்கும் தேதிக்கு முந்தைய 10 வருடத்துக்குள், அங்கீகாரம் பெற்ற அமெரிக்கக் கல்லூரியில் வாங்கியதாக இருக்க வேண்டும், பார்க்கிற வேலையும் அந்த எலக்ட்ரிகல் படிப்போடு நேரடியாகத் தொடர்புள்ளதாக இருக்க வேண்டும். வங்கியில் நிதி ஆய்வாளராக உட்கார்ந்துகொண்டு எம்.எஸ். சான்றிதழைக் காட்டினால் வேலைக்கு ஆகாது. இத்தனையும் சரியாக அமைந்தாலும் கூட்டிப் பாருங்கள், 12 + 24, அதே 36 தான். மாறாக, எம்.எஸ். முடித்ததுமே ஓ.பி.டி. எடுத்து வேலை பார்த்துவிட்டுப் பிறகு எம்.பி.ஏ.வுக்குப் போனவருக்கு, எம்.பி.ஏ. முடிந்தபின் ஓ.பி.டி. கிடையாது. ஆக இந்த விதிவிலக்கு பழைய எம்.எஸ். வீணாகாமல் காப்பாற்றும், ஆனால் காலத்தைப் பெருக்காது.

சரி, இதைவிடப் பெரிய குழி "முதல் நாளிலேயே வேலை" என்று விற்கிறார்களே, அந்த சிபிடி கல்லூரிகள். சிபிடி என்பது படிப்பின் பகுதியாகச் செய்யும் பயிற்சி வேலை. முழுநேர சிபிடி 12 மாதத்தைத் தொட்டுவிட்டால் அந்தப் படிப்பு நிலைக்கான உங்கள் ஓ.பி.டி. மொத்தமாகப் போய்விடும். இதை யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. வகுப்பே நடக்காமல் வேலை மட்டும் நடக்கிற கல்லூரி என்றால் பிற்பாடு விசா மாற்றும்போது "நீ உண்மையிலேயே படித்தாயா" என்று குடைவார்கள், அப்போது பதில் சொல்ல வேண்டியது நீங்கள், கமிஷன் வாங்கியவர் அல்ல. ஸ்டெம் நீட்டிப்பில் இருக்கும்போது போலிச் சம்பளச் சீட்டு தயாரித்துத் தருகிறோம் என்று வரும் நிறுவனங்களும் இதே ரகம்தான். அந்த 24 மாதத்துக்கு முதலாளி, ஊழியரின் வேலைத் தகுதியைச் சரிபார்க்கும் அரசின் இ-வெரிஃபை முறையில் பதிந்தவராக இருக்க வேண்டும், ஐ-983 என்ற பயிற்சித் திட்டத்தில் அவரும் கையெழுத்துப் போட வேண்டும். கிடங்கு மாதிரி ஆளைச் சேர்த்து வைத்துக்கொண்டு வேலை தேடித் தருகிறேன் என்பவர் அதில் என்ன எழுதுவார்?

டூயல் டிகிரி என்ற பெயரிலேயே ஏமாற்று வேலையும் நடக்கிறது. இன்ஜினியரிங் மேனேஜ்மென்ட் முதுநிலையும் நல்ல படிப்புதான், ஆனால் அது ஒரே பட்டம். தொழில்நுட்ப மேலாண்மைப் பிரிவோடு வரும் எம்.பி.ஏ.வும் ஒரே பட்டம். நீங்கள் கேட்பது இரண்டு பட்டம். அசல் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள எம்.ஐ.டி.யின் லீடர்ஸ் ஃபார் குளோபல் ஆபரேஷன்ஸ் திட்டத்தைப் பாருங்கள்: 1988-இல் வேறு பெயரில் தொடங்கியது, 24 மாதத்தில் அங்குள்ள ஸ்லோன் மேலாண்மைப் பள்ளியின் எம்.பி.ஏ.வும் இன்ஜினியரிங் முதுநிலையும் சேர்ந்து வரும், நடுவில் ஆறு மாத இன்டர்ன்ஷிப். குறைந்தது இரண்டு வருட வேலை அனுபவம் கேட்கிறார்கள், உங்களிடம் மூன்று இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டிலும் எலக்ட்ரிகல் இன்ஜினியரிங், எம்.பி.ஏ. கூட்டுப் படிப்பு உண்டு. கன்சல்டன்ட் நீட்டும் பட்டியலில் இந்த மாதிரிப் பெயர்கள் வராது, அவருக்குக் கமிஷன் தருகிற கல்லூரிகள்தான் வரும். "ஏபெட் அங்கீகாரம் பெற்ற எம்.எஸ்." என்று ஜம்பம் அடித்தாலும் மயங்காதீர்கள், ஏபெட் என்பது இன்ஜினியரிங் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பு, பெரும்பாலும் இளநிலைப் படிப்புகளுக்குத்தான் தருகிறது. எம்.பி.ஏ. பக்கம் மேலாண்மைக் கல்லூரிகளுக்கான ஏ.ஏ.சி.எஸ்.பி. அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள், அது போதும்.

விண்ணப்பம் பெரும்பாலான இடங்களில் இரண்டு. இரண்டு கட்டணம், இரண்டு கட்டுரை. இன்ஜினியரிங் துறைக்குப் பேராசிரியரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும், எம்.பி.ஏ.வுக்கு உங்கள் மேலதிகாரியின் கடிதம் வேண்டும். ஒரு பக்கம் இடம் கிடைத்து மறுபக்கம் கைவிரிப்பதும் சாதாரணமாக நடக்கும். பல கல்லூரிகளில் ஒன்றில் சேர்ந்து முதல் வருடத்திலேயே மற்றதற்கு விண்ணப்பிக்க வழி உண்டு, அதைக் கேட்டு வையுங்கள். ஜி.ஆர்.இ. நுழைவுத் தேர்வு ஒன்று எழுதினாலே பெரும்பாலும் இரண்டுக்கும் செல்லும், எம்.பி.ஏ.வுக்கான ஜிமேட் தேர்வு வகுப்புக்குத் தனியாகப் பணம் கட்டவைக்கப் பார்ப்பார்கள்.

பண விஷயம்: ஆய்வு உதவியாளர், கற்பித்தல் உதவியாளர் வேலையெல்லாம் இன்ஜினியரிங் பக்கம்தான் அதிகம். எம்.பி.ஏ. பருவங்களுக்கு அதன் முழுக் கட்டணமும் தலையில் விழும் என்று வைத்தே கணக்குப் போடுங்கள். சிப் வடிவமைப்பில்தான் இருக்கப் போகிறீர்கள் என்றால் எம்.எஸ். மட்டும் போதும் என்பேன்.

டெபாசிட் கட்டுவதற்கு முன் கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்துக்கு நீங்களே, உங்கள் மின்னஞ்சலிலிருந்தே எழுதிக் கேளுங்கள்: ஐ-20-இல் இரண்டு மேஜரும் வருமா, இரண்டு பட்டமும் ஒரே நாளில் தருவார்களா அல்லது எம்.எஸ். முன்னதாக முடிந்துவிடுமா, முன்னதாக முடிந்தால் எம்.பி.ஏ.வுக்குப் புது ஐ-20 எப்போது வாங்க வேண்டும். அவர்களிடமிருந்து பதில் எழுத்தில் வரட்டும். கன்சல்டன்ட் வாட்ஸ்அப்பில் அனுப்பும் குரல் பதிவெல்லாம் கணக்கில் சேராது.