சைக்கிள் கடையும் வாடிக்கையும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

சென்ற இதழில் மிதிவண்டிப் பராமரிப்பைப் பற்றி எழுதியிருந்தோம். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வண்டியைப் பற்றியவை அல்ல, கடைக்காரரைப் பற்றியவை. அவற்றுள் ஆறு கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: எட்டு ஆண்டுகளாக ஒரே சைக்கிள் கடைக்குத்தான் போகிறேன். அண்மையில் இணையத்தில் குறைந்த விலைக்கு ஒரு டயர் வாங்கி, அதே கடையில் மாட்டித் தரக் கேட்டேன். மாட்டித் தந்தார்; ஆனால் முகம் கொடுத்துப் பேசவில்லை. வழக்கத்தைவிடக் கூடுதலாகக் கூலியும் வாங்கிக்கொண்டார். எட்டு ஆண்டு வாடிக்கைக்கு இதுதான் மதிப்பா?

பதில்: வெளியில் வாங்கியது தவறு என்று நான் சொல்ல மாட்டேன். வாடிக்கை என்பது அடிமைச் சாசனம் அன்று. ஆனால் அவர் கூடுதலாக வாங்கியதாக நீங்கள் நினைக்கும் தொகை, அந்த வேலைக்கு உரிய முழுக் கூலியாகவே இருக்கக்கூடும். தம்மிடம் டயர் வாங்குகிறவருக்கு மாட்டுக்கூலியைக் குறைப்பதும், சில வேளைகளில் வாங்காமலே விடுவதும் கடைக்காரர்களிடம் உள்ள பழக்கம். டயரில் கிடைக்கும் சிறு இலாபம் அந்தக் கூலியை ஈடுகட்டிவிடும். எட்டு ஆண்டுகளாக நீங்கள் கண்ணால் காணாத கூலியை இந்த முறை முதன்முதலாகக் கண்டிருக்கிறீர்கள்.

கடையில் டயர் வாங்கும்போது டயரோடு இன்னொன்றையும் வாங்குகிறோம்: அளவு பிழைத்தால் அது அவருடைய பொறுப்பு. இது சிறிய விஷயம் அன்று. 26 × 1.75 என்று அச்சிட்ட டயரும் 26 × 1¾ என்று அச்சிட்ட டயரும் கணக்குப் பாடத்தில் ஒன்று. சைக்கிள் கடையில் வேறு வேறு. முன்னது 559 மில்லிமீட்டர் விட்டமுள்ள ரிம்மில் உட்காரும். பின்னது 571 மில்லிமீட்டர் ரிம்முக்கு உரியது. டயரின் பக்கச்சுவரில் 47-559 என்பது போலப் பொறித்திருக்கும் எண்ணில் இரண்டாம் பகுதி ரிம்மோடு பொருந்துகிறதா என்று பார்க்கத் தெரிந்தவர் எங்கு வேண்டுமானாலும் வாங்கலாம். தெரியாதவருக்கு அந்தச் சிறு இலாபம் காப்பீட்டுத் தொகை போன்றது.

இனி ஒன்று செய்யுங்கள். பொருளை வாங்குவதற்கு முன்பே, "வெளியில் வாங்கி வந்தால் மாட்டித் தருவீர்களா, கூலி எவ்வளவு?" என்று கேட்டுவிடுங்கள். அவரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதற்குப் பதிலாகக் கூலிப் பட்டியலைச் சுவரில் மாட்டியிருந்தால் உங்கள் கடிதத்திற்கே இடமிருந்திருக்காது. நான் உண்மையிலேயே முறையற்றது என்று கருதுவது வேறொன்றை. கடையில் அரை மணி நேரம் பல வண்டிகளில் ஏறி இறங்கி, தமக்கேற்ற சட்டக அளவைக் கடைக்காரரின் வாயிலாகவே தெரிந்துகொண்டு, வெளியே வந்ததும் கைப்பேசியில் வேறிடத்தில் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் அதைச் செய்யவில்லை.

கேள்வி: பொதுவான சர்வீசுக்கு வண்டியை விட்டேன். செயின் தேய்ந்துவிட்டது என்று புதியது போட்டார்கள். வீடு திரும்பும் வழியிலேயே, மேட்டில் அழுத்தி மிதித்தால் செயின் பல்லைத் தாண்டித் துள்ளுகிறது. முன்பு இந்தத் தொல்லையே இல்லை. திரும்பப் போய்க் கேட்டால், பின் பல்சக்கரத் தொகுப்பையும் மாற்ற வேண்டும் என்கிறார்கள். ஏமாற்றப்பட்டேனா?

பதில்: நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், ஏமாற்றப்படவில்லை, நன்றாக நடத்தப்படவும் இல்லை.

செயின் நீண்டுவிட்டது என்று சொல்வது வழக்கம். உண்மையில் இரும்பு நீள்வதில்லை. கண்ணிகளை இணைக்கும் ஊசிகளும், அவை உராயும் இடங்களும் தேய்ந்து, ஒவ்வொரு மூட்டிலும் மயிரிழை இடைவெளி விழுகிறது. நூறுக்கும் மேற்பட்ட மூட்டுகளில் அது சேரும்போது செயின் நீண்டதாகத் தெரிகிறது. புதிய செயினில் ஊசிக்கும் ஊசிக்கும் இடையே அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர். தேய்ந்த செயினில் இந்தத் தூரம் கூடிவிடுவதால், அது பல்லின் அடியில் பொருந்தாமல் சற்று மேலேறி உட்கார்ந்து, பல்லையும் தன் அளவுக்கேற்பத் தேய்க்கிறது. பழைய செயினும் பழைய பல்லும் இப்படி ஒன்றுக்கொன்று பழகிவிட்டதால்தான் உங்களுக்கு முன்பு தொல்லை தெரியவில்லை. சரியான அளவுள்ள புதிய செயின் வந்ததும், தேய்ந்த பல்லில் அதற்குப் பிடிமானம் இல்லாமல் போய்விட்டது. ஆகவே பல்சக்கரத்தை மாற்றச் சொல்வது பொய் அன்று.

கடைக்காரரின் குற்றம், இதைச் செயினைக் கழற்றுவதற்கு முன்பு சொல்லாததுதான். பழைய செயினை அளந்திருந்தால் அவருக்கே தெரிந்திருக்கும். பழைய செயினைக் கேட்டு வாங்கி, நீங்களே ஓர் அளவுகோலை வைத்துப் பாருங்கள். நீட்டிப் பிடித்து, ஓர் ஊசியின் நடுவிலிருந்து 24 கண்ணிகளை எண்ணினால் சரியாக 12 அங்குலம் வர வேண்டும். பதினாறில் ஓர் அங்குலம் கூடியிருந்தால் செயினை மட்டும் மாற்றும் தருணம் அதுதான். எட்டில் ஓர் அங்குலம் கூடியிருந்தால் பல்சக்கரமும் பெரும்பாலும் போயிருக்கும். கடைகளில் இதற்கென்றே ஒரு சிறிய அளவுக்கருவி உண்டு. கொக்கி போல மாட்டிப் பார்க்க அரை நிமிடம் போதும். பின்னால் 11 அல்லது 12 பல்சக்கரங்கள் உள்ள வண்டியில் 0.5 விழுக்காடு கூடியதுமே மாற்றச் சொல்வார்கள். அதற்குக் குறைவானவற்றில் 0.75 வரை விடலாம்.

எட்டில் ஓர் அங்குலம் கூடிவிட்ட செயினோடு வருகிறவருக்கு நல்ல மெக்கானிக் இரண்டு வழிகளைச் சொல்வார்: இப்போதே செயின், பல்சக்கரம் இரண்டையும் மாற்றலாம், அல்லது பழையதோடு பழையதாக ஓடுமட்டும் ஓட்டிவிட்டுப் பிறகு மொத்தமாக மாற்றலாம். எதைத் தேர்ந்தெடுப்பது என்பது உங்கள் உரிமை. அந்த உரிமையைத்தான் அவர் உங்களிடமிருந்து எடுத்துக்கொண்டார். பல்சக்கரத்தின் விலையைக் கொடுக்க இசைந்து, இரண்டாம் முறை வேலைக்குக் கூலி வேண்டாம் என்று கேளுங்கள். நியாயம் தெரிந்தவர் ஒப்புக்கொள்வார்.

கேள்வி: நான் சிறிய சைக்கிள் கடை நடத்துகிறேன். பத்தாவது சர்வீஸ் இலவசம் என்று அட்டை அச்சடித்துக் கொடுத்தேன். ஒருவர்கூட அதை நிரப்பவில்லை. வாடிக்கையாளரைத் தக்கவைத்துக்கொள்ள வேறு என்ன செய்வது?

பதில்: அளவாக ஓட்டுகிற ஒருவர் ஆண்டுக்கு ஒன்று அல்லது இரண்டு முறை வண்டியைச் சர்வீசுக்கு விடுவார். உங்கள் அட்டை நிரம்ப ஐந்திலிருந்து பத்து ஆண்டுகள் ஆகும். காப்பிக் கடைக்குப் பொருந்தும் கணக்கைச் சைக்கிள் கடைக்குக் கொண்டுவந்துவிட்டீர்கள்.

அட்டையை விட்டுவிட்டு ஒரு பேரேடு வாங்குங்கள். வண்டியின் சட்டக எண் (பெரும்பாலும் மிதியச்சுக்கு அடியில் பொறித்திருக்கும்), ரிம் அளவு, செயின் போட்ட தேதி, திரவத்தால் இயங்கும் பிரேக்கானால் அதில் இருப்பது கனிம எண்ணெயா, டாட் (DOT) என்று குறிக்கப்படும் வேறு வகைத் திரவமா என்பன போன்றவற்றை ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு பக்கத்தில் எழுதி வையுங்கள். பிரேக் திரவத்தை மாற்றி ஊற்றிவிட்டால் உள்ளிருக்கும் ரப்பர் அடைப்புகள் கெட்டுப்போகும் என்பது உங்களுக்குத் தெரியும். பேரேடு இருந்தால் உங்கள் கடைப் பையனுக்கும் தெரியும். வண்டி திருடு போன ஒருவர் பதறிக்கொண்டு வந்து நிற்கும்போது நீங்கள் சட்டக எண்ணை எடுத்துக் கொடுத்தீர்களானால், அவர் அதன்பின் வேறு கடைக்குப் போவார் என்று எனக்குத் தோன்றவில்லை.

புதிய வண்டி விற்றால் நான்கைந்து வாரங்களில் நீங்களே கூப்பிடுங்கள். அதற்குள் கேபிள்களின் உறை அமுங்கி, கியர் பிசகத் தொடங்கியிருக்கும். ஆரக்கம்பிகளும் சற்றுத் தளர்ந்திருக்கும். அந்த முதல் சரிபார்ப்பை இலவசமாகச் செய்வது பல கடைகளில் வழக்கம்தான். ஆனால் வாடிக்கையாளர் நினைவு வைத்துக்கொண்டு வருவார் என்று காத்திராமல் கூப்பிடுகிற கடைகள் குறைவு.

நாள் சொல்வதில் நேர்மையாக இருங்கள். நான்கு நாளாகும் என்று தெரிந்தே "நாளைக்கு வாருங்கள்" என்று சொல்வது இந்தத் தொழிலின் பழைய நோய். வேலைக்குச் சைக்கிளில் போகிறவருக்கு வண்டி இல்லாத நாள் பெருந்தொல்லை. முன்கூட்டியே நாள் குறித்துக் காலையில் விட்டு மாலையில் எடுத்துப்போகும்படி செய்யலாம். இயலாதபோது ஒரு பழைய வண்டியை இரவலாகக் கொடுக்கலாம். மாற்றிய உதிரிப்பாகத்தைக் கேட்காமலே கையில் கொடுங்கள். இவை எல்லாவற்றையும்விட, "இது இன்னும் ஆறு மாதம் ஓடும், இப்போது மாற்ற வேண்டாம்" என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள். அடுத்த முறை "இதை மாற்றித்தான் ஆக வேண்டும்" என்று நீங்கள் சொன்னால், அவர் மறுபேச்சுப் பேச மாட்டார்.

நீங்கள் இல்லாதபோது கடையில் யார் நிற்கிறார் என்பதையும் கவனியுங்கள். அமெரிக்காவின் டேட்டன் நகரில் 1892இல் சைக்கிள் கடை தொடங்கிய ரைட் சகோதரர்கள், பறக்கும் சோதனைகளுக்காக வெளியூர் போக வேண்டியிருந்தபோது, 1901இல் சார்லி டெய்லர் என்பவரைக் கடையைப் பார்த்துக்கொள்ள அமர்த்தினார்கள். விலை சொல்ல மட்டும் தெரிந்த ஆளை அவர்கள் உட்கார வைக்கவில்லை. டெய்லர் கைதேர்ந்த தொழிலாளி. 1903இல் பறந்த அவர்களுடைய விமானத்திற்கு எஞ்சின் செய்து கொடுத்தவரும் அவரே. உங்களுக்கு எஞ்சின் தேவைப்படாது. ஆனால் வருகிறவரின் பிரச்சினையைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் ஒருவர் கடையில் இருப்பது தேவை.

கேள்வி: டிஸ்க் பிரேக் கீச்சிடுகிறது என்று என் வண்டியைக் கடைக்குக் கொண்டுபோனேன். துணைக்கு என் தம்பி வந்திருந்தான். நான் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் மெக்கானிக் அவனைப் பார்த்தே பதில் சொன்னார். அவனுக்குச் சைக்கிள் ஓட்டவே தெரியாது.

பதில்: மரியாதைக் குறைவு என்பது ஒருபுறம் இருக்கட்டும், அது வேலையையும் கெடுக்கிறது. டிஸ்க் பிரேக் கீச்சிடுவதற்குத் தட்டிலோ பிரேக் கட்டையிலோ எண்ணெய் பட்டிருப்பது அடிக்கடி காணும் காரணம். செயினுக்கு எண்ணெய் தெளித்தபோது சக்கரத்தில் பட்டதா, வண்டியை எதைக் கொண்டு கழுவினார்கள், மழையில் மட்டும் சத்தமா, எப்போதுமா என்பதையெல்லாம் ஓட்டுகிறவர்தாம் சொல்ல முடியும். தம்பியிடம் கேட்டால் என்ன கிடைக்கும்? "வண்டி என்னுடையது, என்னிடம் சொல்லுங்கள்" என்று ஒருமுறை நேராகச் சொல்லிப் பாருங்கள். அப்போதும் திருந்தாதவரிடம் இரண்டாவது முறை போக வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.

கேள்வி: பெட்டியில் வந்த சைக்கிளை வீட்டிலேயே பூட்டினேன். இடது மிதி சரியாக இறுகவில்லை என்று பக்கத்துக் கடைக்குப் போனால், முழு வண்டியையும் சோதித்த பிறகே கை வைப்பேன் என்கிறார். இது பணம் பறிக்கும் வழிதானே?

பதில்: இல்லை என்றே நினைக்கிறேன். இடது மிதியின் மரை மற்ற திருகுகளுக்கு நேர்மாறானது. இடப்பக்கமாகச் சுற்றினால்தான் இறுகும். இது தெரியாமல் வலிந்து திருகியிருந்தால் மிதிக்கோலின் மரையே சிதைந்திருக்கும். அதில் தவறியவர், முன்சக்கரத்தைத் தாங்கும் முன்கவையைப் பின்னோக்கித் திருப்பி மாட்டியிருக்கவும் கூடும். வீட்டில் பூட்டிய வண்டிகளில் அது அரிதான பிழை அன்று. தாம் கடைசியாகத் தொட்ட வண்டிக்குத் தாமே பொறுப்பு என்று நினைக்கிற மெக்கானிக் முழுவதையும் பார்க்கத்தான் விரும்புவார். சோதனைக் கட்டணத்தை மட்டும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: இருபது ஆண்டுகளாகப் போய்வரும் கடை. பெரியவர் ஓய்வெடுத்துக்கொண்டார், இப்போது மகன் நடத்துகிறார். சக்கரக் கோட்டம் எடுக்கச் சொன்னால் அரைகுறையாக எடுக்கிறார், சொன்ன நாளில் தருவதில்லை. பெரியவரின் முகத்துக்காகப் பொறுத்துக்கொள்வதா, கடையை மாற்றுவதா?

பதில்: இருபது ஆண்டுப் பழக்கத்துக்கு உரிய கடன் ஒன்றுதான்: சொல்லாமல் விலகிப் போய்விடாதீர்கள். "வேலை சரியில்லை" என்று பொதுவாகச் சொன்னால் அவருக்கு மனம் புண்படுமே தவிர ஒன்றும் விளங்காது. சக்கரத்தைச் சுழற்றி, பிரேக் கட்டையை அடையாளமாக வைத்து, ரிம் எந்த இடத்தில் ஒதுங்குகிறது என்று காட்டுங்கள். எந்தத் தேதியில் தருவதாகச் சொன்னார், எந்தத் தேதியில் தந்தார் என்று சொல்லுங்கள். பெரியவரிடம் போய் முறையிடாமல், மகனிடமே சொல்லுங்கள். அடுத்த முறையும் அப்படியே இருந்தால் தாராளமாக மாறிக்கொள்ளலாம். போகும்போது உங்கள் வண்டியின் ரிம் அளவையும், செயின் கடைசியாக மாற்றிய தேதியையும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். புதிய கடைக்காரர் அதைத்தான் முதலில் கேட்பார்.