போஸ்டரில் எத்தனை முகம்?

கேள்வி: விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) மாணவர்கள் நாங்கள் சேர்ந்து, ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டும் ஒரு அம்மாவைப் பற்றிக் குறும்படம் எடுத்திருக்கிறோம். முதலில் ஊரில் திரையிடல், அப்புறம் யூடியூப். போஸ்டரில் நடித்த எல்லோர் முகமும் வர வேண்டும் என்கிறார்கள். குமரி மாவட்டம் என்று தெரிய வள்ளுவர் சிலையும் மாத்தூர் தொட்டிப்பாலமும் வேண்டுமாம். என்ன செய்யலாம்?
– கல்லூரி மாணவி, குலசேகரம்

பதில்: முதலில் வள்ளுவரை விட்டுவிடுங்கள், பாவம், அவர் கடலுக்குள் நிம்மதியாக நிற்கட்டும். தொட்டிப்பாலமும் அப்படித்தான். கதையில் யாராவது அதில் நடந்து போனால் சரி. இல்லையென்றால் அது சுற்றுலா விளம்பரம். நாகர்கோவிலில் டிசைன் போட்டுப் பிழைக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், எல்லாவற்றையும் திணித்த போஸ்டரைக் கல்யாண வீட்டு ஃபிளெக்ஸ் என்று நினைத்துத்தான் ஆட்கள் கடந்து போவார்கள்.

உங்களிடம் இருப்பதே போதும். விடியுமுன் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு அந்த அம்மா மரத்தின் முன் நிற்கிறார். வெளிச்சம் பட்டையில் மட்டும் விழுகிறது. சாய்வாகக் கீறிய வெட்டு வழியே வெள்ளைக் கோடாகப் பால் இறங்கி, சிரட்டையில் சொட்டுகிறது. சுற்றிலும் இருட்டு. கறுப்பில் ஒரு வெள்ளைக் கோடு, ஓரத்தில் பாதி முகம். படத்தின் பெயரை எழுதத் தாராளமாக இடம் கிடைக்கும். ஃபோனில் கட்டைவிரல் அளவுக்குச் சுருங்கினாலும் அந்தக் கோடு தெரியும்.

ஆனால் இதை வீடியோவிலிருந்து உருவ வேண்டாம். ஃபுல் எச்டி ஃபிரேம் 1920-க்கு 1080 பிக்சல்தான். ஏ3 போஸ்டர் நெட்டுவாக்கில் 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளியில், தெளிவாக வர 3508-க்கு 4961 வேண்டும். உயரத்தில் கால்வாசிகூட இல்லை; இழுத்தால் முகம் மங்கிவிடும். இன்னொரு விடியற்காலை கேமராவோடு போய் ஸ்டில் எடுத்துவிடுங்கள். மழை நாளாகப் பார்த்துப் போகாதீர்கள், வெட்டு இருக்காது.

முகம் வரவில்லை என்று கோபிக்கிறவர்களுக்கு ஆளுக்கொரு தனிப் படம், 1080-க்கு 1920 அளவில், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்குச் செய்து கொடுங்கள். சொந்தபந்தமெல்லாம் அவர்களே பரப்பிவிடுவார்கள். யூடியூப் தம்ப்நெயிலில் வலது கீழ் மூலையில் எதுவும் எழுத வேண்டாம். படத்தின் நேரம் காட்டும் பெட்டி அங்கேதான் வந்து உட்காரும்.

அச்சுக்கு முன் இரண்டு விஷயம். திரையில் பளீரென்று தெரியும் நீலமும் பச்சையும் தாளில் மங்கும், அச்சு மையின் நான்கு நிற முறையான சிஎம்ஒய்கே-க்கு மாற்றிப் பார்த்துவிடுங்கள். தமிழ் எழுத்தை அவுட்லைனாக, அதாவது ஃபாண்ட் தேவைப்படாத வரைபடமாக, மாற்றிக் கொடுங்கள். இல்லையென்றால் பிரஸ்காரர் கம்ப்யூட்டரில் அந்த ஃபாண்ட் இல்லாமல் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாகப் போய்விடும். இருபது முப்பது பிரதிதான் என்றால் டிஜிட்டல் பிரிண்ட் போதும், ஆஃப்செட்டுக்குப் பிளேட் செலவு கட்டாது.

கல்லூரிச் சுவரோடு நின்றுவிடாதீர்கள். ரப்பர் ஷீட்டும், வெட்டிலும் சிரட்டையிலும் உறைந்து ஒட்டும் ஒட்டுப்பாலும் எடுக்கிற கடைகளில் கேட்டு ஒட்டுங்கள், பால்வெட்டுகிறவர்கள் வந்துபோகிற இடம் அது. தேதி, இடம், நேரம் மூன்றையும் பெரிதாகப் போடுங்கள். திரையிடலைச் சாயங்காலமே வைத்து இருட்டுவதற்குள் முடித்துவிடுங்கள். மறுநாள் விடியுமுன் அவர்கள் தோட்டத்தில் நிற்க வேண்டும்.