வைரஸ் தானாகச் சாதுவாகுமா?

வணக்கம்.

கொரோனா எத்தனை முறை உருமாறினாலும் முந்தினதைவிடப் பலம் குறைந்ததாகத்தான் வரும், நோயாளியைக் கொன்றால் வைரஸும் சேர்ந்து அழியும் என்பதால் அது தானாகவே சாதுவாகிவிடும் என்று எங்கள் ஊரில் பலரும் சொல்கிறார்கள். டெல்டாவுக்குப் பிறகு ஒமிக்ரோன் வந்ததைப் பார்த்தால் சரிபோலத்தான் தெரிகிறது. அம்மாவுக்கு 72 வயது. சீனி வருத்தமும் பிறஷரும் இருக்கிறது. இனி இதைச் சாதாரணத் தடிமன் என்று விட்டுவிடலாமா?

வாசகர், களுவாஞ்சிகுடி

அன்புள்ள நண்பருக்கு,

விடக்கூடாது, அதுவும் அம்மாவின் விஷயத்தில்.

நோயாளி மற்றவருக்குப் பரப்புவதற்கு முன்பே இறந்துபோனால்தான் வைரஸுக்கு நட்டம். கொரோனாவில் நடப்பது வேறு. அறிகுறி தெரிய ஓரிரு நாள் முன்பிருந்தே அது தொற்றத் தொடங்கும். முதல் வாரத்துக்குள் பரவலில் பெரும்பகுதி முடிந்துவிடும். மூச்சு முட்டுவது பெரும்பாலும் முதல் வாரக் கடைசியில் அல்லது இரண்டாவது வாரத்தில், மரணம் அதற்கும் பிறகு. அதற்குள் வைரஸ் அடுத்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். நோயாளி பிழைத்தாலும் இறந்தாலும் அதற்கு ஒன்றுதான். எது வேகமாகப் பரவுகிறதோ, எது நம் எதிர்ப்புச் சக்திக்குத் தப்புகிறதோ அந்த வகை நிலைக்கும். கடுமை கூடுவதும் குறைவதும் அதோடு ஒட்டி வருவது.

நடந்த வரிசையே இதற்குச் சாட்சி. அல்பா என்ற வகை, முதல் வந்த வைரஸைவிடக் கடுமையாக இருந்தது. டெல்டா வந்தபோது ஆஸ்பத்திரியில் சேரவேண்டிய ஆபத்து அல்பாவைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று பிரித்தானியத் தரவுகள் காட்டின. 2021 ஓகஸ்ட் கடைசியில் இலங்கையில் ஒரே நாளில் 200க்கு மேற்பட்ட மரணங்கள் பதிவானது அந்த அலையில்தான். பிறகு வந்த ஒமிக்ரோன், டெல்டாவிலிருந்து பிறந்ததே அல்ல; அதற்கும் முன்பே பிரிந்துபோன வேறொரு கிளை. மூச்சுக் குழாய்களில் வேகமாகவும் நுரையீரல் திசுவில் மெதுவாகவும் பெருகும் தன்மை அதற்கு வாய்த்தது நம் அதிர்ஷ்டம். அடுத்த கிளைக்கும் அப்படியே வாய்க்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

அந்த ஒமிக்ரோனும் எல்லாருக்கும் சாதுவாக இருக்கவில்லை. 2022 பெப்ரவரி, மார்ச்சில் ஹொங்கொங்கில் ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். பெரும்பாலானவர்கள் முதியவர்கள், 80 வயது தாண்டியவர்களில் பலர் தடுப்பூசி போடாதிருந்தார்கள். அதே வைரஸ், தடுப்பூசியும் முன்தொற்றும் கண்டிருந்த ஊர்களில் தடிமனோடு கடந்துபோனது. வைரஸைவிட நாம்தான் அதிகம் மாறியிருக்கிறோம் என்பதை எனக்கு இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று வேறில்லை.

‘சாதுவாகும்’ என்பதற்கு வழக்கமாகக் காட்டும் உதாரணம் அவுஸ்திரேலிய முயல்கள். 1950இல் முயல்களை ஒழிக்க விட்ட மிக்சோமா வைரஸ் முதலில் தொற்றியவற்றில் 99 வீதத்துக்கு மேல் கொன்றது. சீக்கிரம் செத்த முயலிலிருந்து நுளம்பு அதைக் காவிச் செல்ல நேரம் போதாததால் பலம் குறைந்த வகைகள் முந்திக்கொண்டன. உண்மைதான். ஆனால் பரவலாக நிலைத்த அந்த ‘பலம் குறைந்த’ வகைகளும், எதிர்ப்பில்லாத முயல்களில் 70 முதல் 95 வீதம் வரை கொன்றன. இந்தப் பாதியை யாரும் சொல்வதில்லை.

ஆகவே அம்மாவின் விஷயத்தில் வகையின் பெயரைக் கேட்டு நிம்மதியடைய வேண்டாம். வயதையும் சீனியையும் கடைசியாகத் தடுப்பூசி போட்ட காலத்தையும் பாருங்கள். வயதானவர்களுக்கு எதிர்ப்புச் சக்தி சீக்கிரம் தேயும். அடுத்த ஊசி பற்றி உங்கள் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேளுங்கள்.

வீட்டில் ஒரு ஒக்சிமீற்றர் (விரலில் மாட்டி இரத்தத்தின் ஒக்சிஜன் அளவைப் பார்க்கும் கருவி) இருக்கட்டும். அம்மாவுக்குத் தொற்றினால், ஐந்து நிமிடம் அமர்த்திய பிறகு, நெயில் பொலிஷோ கடும் நிற மருதோன்றியோ இல்லாத விரலில் மாட்டுங்கள். விரல் குளிர்ந்திருந்தால் முதலில் தேய்த்துச் சூடாக்க வேண்டும். இலக்கம் ஒரு நிமிடமாவது நிலைத்த பிறகே எழுதுங்கள், நாளொன்றுக்கு மூன்று தரம். 95உம் அதற்கு மேலும் நல்லது. 93, 94 என்றால் தாமதிக்காமல் டொக்டரிடம் பேச வேண்டும். 92க்கு இறங்கினால் 1990 அம்புலன்ஸை அழைத்து ஆஸ்பத்திரிதான். கறுத்த தோலில் இந்தக் கருவி உள்ளதைவிடச் சற்றுக் கூட்டிக் காட்டக்கூடும். அதனால் இலக்கம் 95 என்றிருந்தும் ஒரு வசனத்தை முடிக்க அம்மாவுக்கு மூச்சு வாங்கினால் மூச்சை நம்புங்கள். அறிகுறி தொடங்கி ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாள் வரை கவனம் கூட வேண்டும், காய்ச்சல் விட்டிருந்தாலும்.

மாரி காலத்தில் மட்டக்களப்பில் காய்ச்சல் என்றால் டெங்குவும் கணக்கில் வரும். கொரோனாவுக்கான அன்ரிஜன் பரிசோதனை பொசிட்டிவ் என்பதால் டெங்கு இல்லை என்றாகிவிடாது. காய்ச்சலின் மூன்றாம் நாள் இரத்தப் பரிசோதனை செய்து பிளேட்லெட் பாருங்கள். அதுவரை காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் மட்டும். டைக்ளோபினக், இபுபுறுபன் போன்ற வலி மருந்துகளைக் கொடுத்தால், டெங்குவாக இருந்துவிட்டால் இரத்தம் கசியும் ஆபத்து ஏறும்.

இன்னொன்று, ‘ஸ்டீரொயிட் போட்டால் சீக்கிரம் தெளியும்’ என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். 2020இல் பிரித்தானியாவில் நடந்த பெரிய ஆய்வில் டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீரொயிட் காப்பாற்றியது ஒக்சிஜன் தேவைப்பட்டவர்களைத்தான். தேவைப்படாதவர்களுக்கு எந்த நன்மையும் தெரியவில்லை. அம்மாவுக்கு அது சீனியைத்தான் ஏற்றும்.