மாட்டுக்கு மேல்பல் எதற்கு?

அன்புள்ள அண்ணா,
விலங்குகளைப் பற்றிக் குழந்தைகள் சிரித்துக்கொண்டே படிக்கிற ஓர் அறிவியல் படப்புத்தகத்துக்கு வரைந்துகொண்டிருக்கிறேன். நீர்வண்ணமா, கணினியா என்று குழப்பம். பசுவுக்குக் கண்ணாடி மாட்டி, பல் தெரியச் சிரிக்க வைத்திருக்கிறேன். படத்தை இணைத்துள்ளேன். அறிவியல் புத்தகத்தில் இது சரியா என்கிறார் கணவர். குழந்தைகளுக்குத்தானே, சிரித்தால் போதாதா?
ஒரு வாசகி, மேலூர்

அன்புள்ள தங்கச்சிக்கு,

நீர்வண்ணமோ கணினியோ, கை பழகியதில் வரையுங்கள். கண்ணாடியும் இருக்கட்டும், மாடு கண்ணாடி போடாது என்று நாலு வயதுக் குழந்தைக்கும் தெரியும். அந்தப் பல்லைத்தான் என்னால் விட முடியவில்லை. மேலே ஒரு வரிசை, கீழே ஒரு வரிசை. மேலூர்க்காரர் நீங்கள், ஒருநாளாவது மாட்டின் வாயைப் பார்த்ததில்லையா?

பசுவுக்கு மேல்தாடையின் முன்பக்கம் பல்லே கிடையாது. கெட்டியான ஈறுதான். கடைவாய்ப் பல் மேலும் கீழும் உண்டு, முன்பல் கீழே மட்டும் எட்டு. நாக்கால் புல்லைச் சுருட்டி, கீழ்ப்பல்லை அந்த ஈற்றோடு அழுத்தி அறுத்துக்கொள்ளும். ஆட்டுக்கும் மேலே முன்பல் கிடையாது.

மாட்டுத்தாவணியில் பேருந்து நிலையம் வருவதற்கு முன்பு அங்கே கூடிய சந்தைக்கு அப்பா என்னைக் கூட்டிப்போவார். துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுவதற்கு முன்னால் மாட்டின் கீழுதட்டைப் பிதுக்கிப் பார்ப்பார்கள். பால்பல் விழுந்து நடுவில் இரண்டு பெரிய பல் இருந்தால் இரண்டு வயது தாண்டியிருக்கும். எட்டும் வந்துவிட்டால் நாலுக்கு மேல். அப்புறம் தேய்மானத்தை வைத்துத்தான் கணக்கு. ஒருமுறை அப்பா என் விரலைப் பிடித்து மேல் ஈற்றில் வைத்தார். சூடாக, ஈரமாக, கெட்டியாக இருந்தது. "பயந்தியே, மேல ஒண்ணுமே இல்ல பாரு" என்றார். வீடு வரும்வரை சிரித்தேன். அவ்வளவு பெரிய உடம்புக்குப் பொக்கை வாய்!

என் முதல் புத்தகத்துக்கு அதைத்தான் வரைந்து கொடுத்தேன். அச்சாகி வந்தபோது மேலே வெள்ளை வெளேரென்று ஒரு வரிசை. அழகாக இல்லை என்று பதிப்பகத்தில் யாரோ சேர்த்துவிட்டார்கள். அலங்காநல்லூர்ப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் அதைக் காட்டினேன். மூன்றாம் வகுப்புப் பையன் உற்றுப் பார்த்துவிட்டு, "இந்த மாட்டுக்குப் பல்செட்டு மாட்டியிருக்கா சார்?" என்றான். காளையோடு வளர்கிற பிள்ளை. அடுத்த பக்கத்தில் இரைப்பையின் நான்கு அறைகளைப் பற்றி ஒரு மாதம் பாடுபட்டு வரைந்திருந்தேன். அவன் புரட்டவே இல்லை. மாடே பார்க்காத நகரத்துக் குழந்தையோ அந்தப் பல்லை அப்படியே நம்பியிருக்கும். "குழந்தைகளுக்குத்தானே" என்று இனி எழுதாதீர்கள், கோபம் வருகிறது.

உங்கள் கோடு நன்றாக இருக்கிறது, அதனால்தான் இவ்வளவும். நோட்டை எடுத்துக்கொண்டு ஒரு தொழுவத்துக்குப் போங்கள். பால் கறக்கிற நேரம் வேண்டாம். மத்தியானம், படுத்து அசைபோடும்போது போங்கள். தாடை பக்கவாட்டில் போய்வருவதைப் பாருங்கள். நடுவில் நாக்கை நீட்டித் தன் மூக்குத் துளைக்குள்ளேயே விட்டு நக்கும். அதை வரைந்து எனக்கு அனுப்புங்கள்.