சேராத துண்டு

வணக்கம் சார்,

உங்கள் தளத்தைச் சில ஆண்டுகளாக வாசித்து வருகிறேன். நாங்கள் இண்டியானாவில் இருக்கிறோம். மகன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். இந்த ஆண்டு விருப்பப் பாடமாக ‘எஞ்சினியரிங் டிசைன்’ எடுத்திருக்கிறான். ஆசிரியர் வெள்ளிக்கிழமைதோறும் அந்த வாரம் வகுப்பில் என்ன நடந்தது என்று பெற்றோருக்கு எழுதி அனுப்புகிறார். அதைப் படித்துத்தான் எனக்குக் கவலை.

முதல் வாரம் ஸ்பகெட்டிக் குச்சியில் கோபுரம் கட்டினார்கள். அடுத்த இரண்டு வாரம் புள்ளித்தாளில் பென்சிலால் படம். பிறகு ஒரு வாரம் முழுக்க காலிப்பர் என்ற அளவுக் கருவியை வைத்து மரக்கட்டைகளை அளந்தார்கள். இப்போது 27 கட்டைகளை ஐந்து துண்டுகளாக ஒட்டி, ஐந்தும் சேர்ந்தால் ஒரு கனசதுரம் வருகிற மாதிரி புதிர் செய்கிறார்கள். இதுவே மூன்று வாரமாக ஓடுகிறது. என் கணவர் கோவையில் மெக்கானிக்கல் படித்தவர். “இது எஞ்சினியரிங்கா, எல்.கே.ஜி.யா?” என்கிறார். மகனின் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, “மேல்தோற்றத்தை முன்தோற்றத்துக்கு மேலே போட்டிருக்கான், அதுவே தப்பு, வாத்தியாருக்கே தெரியல” என்றார்.

போன வாரம் நடந்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. என் மகன் வரைந்த படத்தைப் பார்த்து இன்னொரு பையன் ஒரு துண்டு செய்ய வேண்டும். செய்தான். அது ஒரு பக்கம் முட்டிக்கொண்டு மற்ற நான்கோடு சேரவில்லை. லேசாகத் தேய்த்தால் சரியாகிவிடும் என்று கேட்டால், உப்புத்தாள் தர முடியாது என்று ஆசிரியர் சொல்லிவிட்டாராம். மதிப்பெண் குறைந்தது என் மகனுக்கு! செய்தவன் வேறொருவன், தண்டனை இவனுக்கா? இவனுடைய நண்பர்கள் எல்லாரும் ஏ.பி. கம்ப்யூட்டர் சயின்ஸ் (பள்ளியிலேயே படிக்கும் கல்லூரித் தரப் பாடம்) படிக்கிறார்கள். அடுத்த செமஸ்டரில் இதை விட்டுவிட்டு அதற்கு மாற்றிவிடலாமா?

எஸ்.

*

அன்புள்ள எஸ்,

முதலில் உங்கள் கணவர் ஆசிரியரைப் பார்க்கக் கிளம்பினால் தடுத்து நிறுத்துங்கள். பையன் போட்டது சரி.

இந்தியாவில் நாம் படித்தது ஃபர்ஸ்ட் ஆங்கிள் முறை. அதில் மேல்தோற்றம் முன்தோற்றத்துக்குக் கீழே வரும். அமெரிக்காவில் தேர்ட் ஆங்கிள்: மேல்தோற்றம் மேலே, வலப்பக்கத் தோற்றம் வலப்பக்கத்தில். இரண்டிலும் கோடுகள் அவையேதான், தாளில் அவை உட்காரும் இடம்தான் மாறுகிறது. ஆனால் எந்த முறை என்று தெரியாமல் படித்தால் செய்கிற பொருள் கண்ணாடிப் பிம்பமாக மாறிவிடக்கூடும். அதனால்தான் தாளின் மூலையில் தலை வெட்டிய கூம்பு ஒன்றைச் சின்னமாகப் போடுகிறார்கள். இந்தப் புதிரிலேயே அதற்கு வேலை இருக்கிறது. நான்கு கட்டைகளை முகத்தோடு முகம் ஒட்டினால் மொத்தம் எட்டு வடிவங்கள் கிடைக்கும். அவற்றில் இரண்டு ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம். எப்படிப் புரட்டினாலும் ஒன்று மற்றதாகாது. மகனின் படத்தில் அவற்றில் ஒன்று இருந்து, அதைக் கோவை முறையில் படித்து உங்கள் கணவர் துண்டு செய்து கொடுத்திருந்தால், அதுவும் சேர்ந்திருக்காது. அவர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நம்புகிறேன்.

27 கட்டைகள், ஐந்து துண்டுகள் என்று நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இது ‘ப்ராஜெக்ட் லீட் தி வே’ பாடத்திட்டம் என்று தோன்றுகிறது. 1997இல் நியூயார்க் மாநிலத்தின் பன்னிரண்டு உயர்நிலைப் பள்ளிகளில் தொடங்கி, பிறகு அமெரிக்கா முழுக்கப் பரவியது. இந்த மரப்புதிர் அதில் பெயர்பெற்ற ஒரு பாடம்.

ஸ்பகெட்டிக் கோபுரம் பற்றி நீங்கள் முகம் சுளிப்பதில் எனக்கும் பாதி சம்மதம். கார்ப்பரேட் பயிற்சி முகாம்கள் வரை சுற்றி அலுத்துப்போன விளையாட்டு அது. முதல் வாரம் பிள்ளைகள் ஒருவரோடு ஒருவர் பேசிப் பழக ஆகும், அவ்வளவுதான். மற்ற வாரங்களை அதோடு சேர்த்து எடைபோடாதீர்கள்.

நம் கல்லூரிகளில் முதலாண்டு இன்ஜினியரிங் கிராஃபிக்ஸ் உண்டல்லவா? மினி டிராஃப்டரையும் சார்ட் உருளையையும் தூக்கிக்கொண்டு பேருந்தில் இடிபட்டவன் நானும்தான். ‘ஐங்கோணப் பட்டகம் ஒன்றின் அடிப்பக்க விளிம்பு எச்.பி.யில் (கிடைத்தளத்தில்) பதிந்திருக்க, அச்சு எச்.பி.க்கு 45 பாகை சாய்ந்திருக்கிறது’ என்று கேள்வி வரும். வரைவோம். கோடு சன்னமாக இருக்கிறதா, எழுத்துகள் ஒரே உயரமா என்று பார்த்து மதிப்பெண் போடுவார்கள். அந்தப் பட்டகத்தை யாரும் செய்யப்போவதில்லை என்று வரைந்தவனுக்கும் தெரியும், திருத்தியவருக்கும் தெரியும். ஓர் அளவு விட்டுப்போனால் அரை மதிப்பெண் போகும், அதற்குமேல் ஒன்றும் ஆகாது. நான்கு ஆண்டு படித்து வெளியே வந்து பட்டறையில் முதல் டிராயிங்கைக் கொடுத்தபோதுதான் லேத்தில் நின்றவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “தம்பி, இந்தத் துளை எங்கேருந்து எவ்வளவு தள்ளி?” என்று கேட்டார். உங்கள் மகனிடம் அந்தக் கேள்வியைப் பதினான்கு வயதிலேயே கேட்டுவிட்டார்கள்.

இனி சேராத துண்டுக்கு வருகிறேன்.

நாம் தையல்காரரிடம் அளவு ரவிக்கையைக் கொடுத்துப் பழகியவர்கள். ரவிக்கை கையில் இருக்கிறவரை யாரும் எதையும் எழுதிவைக்க வேண்டாம்; சந்தேகம் வந்தால் அவர் அதையே விரித்துப் பார்த்துக்கொள்வார். டிராயிங் என்பது அளவு ரவிக்கை இல்லாமல், நேரில் பார்த்திராத தையல்காரருக்குத் தாள் ஒன்றை மட்டும் அனுப்பித் தைத்து வாங்குவது. அவர் போன் செய்து கேட்க முடியாது. தாளில் இல்லாததை அவர் ஊகித்துக்கொள்வார், ஊகம் உங்களுடையதாக இருக்காது. உங்கள் மகனுடைய படத்தை வேறொருவன் கையில் கொடுத்ததற்குக் காரணம் இதுதான். அவனே செய்திருந்தால் தாளில் விட்டுப்போனதை அவன் தலையிலிருந்து எடுத்து நிரப்பியிருப்பான். படம் முழுமையா இல்லையா என்று யாருக்குமே தெரிந்திருக்காது.

காலிப்பர் வாரத்தையும் இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கட்டைகளுக்குப் பெயர் முக்கால் அங்குலக் கட்டை. மூன்றை வரிசையாக வைத்தால் 2.25 அங்குலம் வர வேண்டும். ஆனால் மரம் ஈரக்காற்றில் உப்பும், சூட்டில் சுருங்கும். அறுத்த வாளுக்கும் ஒரு குணம் உண்டு. ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலம்வரை காட்டும் காலிப்பரில் வைத்தால் ஒன்று 0.742 காட்டும், இன்னொன்று 0.758 காட்டும். ஒவ்வொன்றும் 0.01 அங்குலம் கூடுதலாக உள்ள மூன்று கட்டைகள் ஒரே வரிசையில் வந்துவிட்டால் 0.03 அங்குலம், அதாவது முக்கால் மில்லிமீட்டர் மிஞ்சிவிடும். நடுவில் பசையின் தடிமன் வேறு. புதிர் முட்டிக்கொண்டு நிற்க அது போதும். பிள்ளைகளை ஒரு வாரம் உட்காரவைத்து கட்டை கட்டையாக அளந்து, சராசரியும் திட்டவிலக்கமும் போடச் சொன்னது இதை அவர்கள் கண்ணாலேயே பார்க்கத்தான்.

நான் உங்கள் மகனின் படத்தைப் பார்க்கவில்லை. என் ஊகம்: எல்லாக் கட்டைக்கும் 0.75 என்று எழுதிவிட்டு, எவ்வளவு கூடலாம் குறையலாம் என்பதை, அதாவது டாலரன்ஸை, எழுதாமல் விட்டிருப்பான். காலிப்பர் வாரத்தில் தானே அளந்து நோட்டில் எழுதிய வித்தியாசம் படத்துக்கு வந்து சேரவில்லை. அந்தப் பையன் டப்பாவிலிருந்து கைக்கு வந்த கட்டைகளை எடுத்து ஒட்டியிருப்பான். படத்தை மீறி அவன் எதுவும் செய்திருக்க மாட்டான். அதே சமயம், டாலரன்ஸ் ஒழுங்காகப் போட்டிருந்தும் அவன் கோணலாக ஒட்டியிருந்தால் பிழை அவனுடையது, அப்போது நீங்கள் கேட்பது முழுக்க நியாயம். இரண்டில் எது என்று பார்க்காமல் நீங்களோ நானோ தீர்ப்புச் சொல்ல முடியாது.

உப்புத்தாளை மறுத்த ஆசிரியரை எனக்குப் பிடித்திருக்கிறது. தேய்த்திருந்தால் துண்டு சேர்ந்திருக்கும், படம் தப்பாகவே இருந்திருக்கும். அடுத்து அதே படத்தை வைத்து நூறு துண்டு செய்தால் நூறையும் யாரோ தேய்க்க வேண்டும். நம் ஊர்ப் பட்டறைகளில் அரத்தை எடுத்து இரண்டு இழுப்பு இழுத்து எதையும் பொருத்திவிடும் மாயக்கைகள் உண்டு. அவர்கள் மேல் எனக்கு மரியாதை குறையவில்லை. ஆனால் அந்தக் கைகளின் தயவில் எத்தனை மோசமான டிராயிங்குகள் ஆண்டுக்கணக்கில் திருத்தப்படாமல் ஓடிக்கொண்டிருக்கின்றன என்பதும் எனக்குத் தெரியும்.

‘செய்தவன் வேறொருவன்’ என்ற உங்கள் வரி எனக்கு மிசௌரி மாநிலத்தின் கான்சஸ் சிட்டியை நினைவூட்டியது. அங்குள்ள ஹயாத் ரீஜென்சி ஓட்டல் 1980இல் திறந்தது. பெரிய முன்கூடத்தின் குறுக்கே, கூரையிலிருந்து இரும்புக் கம்பிகளில் தொங்கும் நடைபாலங்கள். நான்காம் மாடிப் பாலத்துக்கு நேர் கீழே இரண்டாம் மாடிப் பாலம். முதலில் வரைந்தபடி ஒரே நீளக் கம்பி கூரையிலிருந்து இறங்கி, நான்காம் மாடி உத்தரத்தைத் துளைத்துக்கொண்டு இரண்டாம் மாடிவரை போக வேண்டும். ஒவ்வொரு பாலமும் தன்தன் நட்டின்மேல் உட்காரும். அவ்வளவு நீளத்துக்கு மரை போட்டு நட்டைக் கீழிருந்து ஏற்றுவது பெரும்பாடு. ஆகவே கம்பி இரண்டானது: கூரையிலிருந்து நான்காம் மாடிக்கு ஒன்று, நான்காம் மாடி உத்தரத்திலிருந்து இரண்டாம் மாடிக்கு இன்னொன்று. இந்த மாற்றத்தைக் கேட்டது இரும்பு வேலை எடுத்த நிறுவனம். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் இப்போது கீழ்ப்பாலம் மேல்பாலத்திலிருந்து தொங்குகிறது. நான்காம் மாடி உத்தரத்துக்கு அடியிலிருக்கும் நட்டின்மேல் பாரம் இரு மடங்காகிவிட்டது. யாரும் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. பொறியாளரின் முத்திரையோடு படம் போய்விட்டது. 1981 ஜூலை 17 மாலை, கூடத்தில் நடன நிகழ்ச்சி நடந்துகொண்டிருந்தபோது இரண்டு பாலங்களும் விழுந்தன. 114 பேர் இறந்தார்கள். முதலில் வரைந்த வடிவமே நகர விதி கேட்ட பலத்தில் 60 சதவீதம்தான் தாங்கியிருக்கும் என்பது பிறகு ஆய்வில் தெரிந்தது.

விசாரணையில், இணைப்புகளை வடிவமைப்பது இரும்பு வேலை செய்கிறவர்கள் பொறுப்பு, அதுதான் தொழில் வழக்கம் என்று பொறியாளர்கள் தரப்பில் வாதிட்டார்கள். மிசௌரி மாநிலம் அதை ஏற்கவில்லை. அவர்கள் உரிமம் போயிற்று. ஒன்பதாம் வகுப்புப் பையனின் மரத்துண்டுக்கு இவ்வளவு பெரிய கதையை இழுப்பது கொஞ்சம் அதிகம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஆசிரியர் மதிப்பெண்ணைக் குறைத்ததும் படத்துக்கு வரைந்தவரே பொறுப்பு என்ற இந்த வழக்கத்தில்தான்.

கணினி இருக்கும்போது கையால் ஏன் என்று பலரும் கேட்கிறார்கள். கணினியும் வரும், பெரும்பாலும் அடுத்த சில வாரங்களில். ஆன்ஷேப் போன்ற வரைபட மென்பொருளில் அளவு முழுதாகக் கட்டுப்படாத கோடு நீலமாக நிற்கும், கட்டுப்பட்டதும் கறுப்பாகிவிடும். கையால் வரையும்போது அப்படிக் காட்டிக்கொடுக்க யாருமில்லை. எது இன்னும் சொல்லப்படவில்லை என்று அவனே தேட வேண்டும். அந்தத் தேடல் பழகிவிட்டால் மென்பொருள் ஒரு மாதத்தில் வந்துவிடும்.

ஏ.பி. கம்ப்யூட்டர் சயின்ஸ் நல்ல பாடம். அதை அடுத்த ஆண்டும் எடுக்கலாம், அதற்கடுத்த ஆண்டும் எடுக்கலாம். கல்லூரி விண்ணப்பத்தில் எதற்கு எவ்வளவு எடை என்பதைப் பள்ளிக் கவுன்சிலரிடம் கேளுங்கள், என்னிடம் கேட்காதீர்கள். பையனுக்கே இந்த வகுப்பு பிடிக்கவில்லை என்றால் மாற்றுங்கள். உங்கள் கடிதத்தில் உங்கள் கவலை இருக்கிறது, கணவரின் கிண்டல் இருக்கிறது. அவன் என்ன சொல்கிறான் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை.

ஆசிரியரிடம் பேசத்தான் வேண்டும் என்றால், படத்தோடு அவனுடைய எஞ்சினியரிங் நோட்டையும் எடுத்துப் போகச் சொல்லுங்கள். பேனாவில் எழுத வேண்டும், பக்கம் கிழிக்கக் கூடாது, பிழையை ஒற்றைக் கோட்டால் அடிக்க வேண்டும், தேதியும் கையெழுத்தும் வேண்டும் என்று கெடுபிடி செய்திருப்பார்களே, அந்த நோட்டு. 2013 மார்ச் வரை அமெரிக்காவில் காப்புரிமை முதலில் கண்டுபிடித்தவருக்கே கிடைத்தது. சாட்சிக் கையெழுத்திட்ட நோட்டு ஒன்று வழக்கின் போக்கையே மாற்றக்கூடியதாக இருந்தது. இப்போது முதலில் விண்ணப்பிப்பவருக்கு என்று சட்டம் மாறிவிட்டது, வகுப்பறையில் நோட்டு மட்டும் மாறவில்லை. டாலரன்ஸ் யோசித்து எழுதியிருக்கிறானா, எந்தத் தேதியில், படம் கைமாறுவதற்கு முன்பா பின்பா என்பது அதிலேயே இருக்கும். முன்பு என்றால் மதிப்பெண்ணைத் திருப்பிக் கேட்கட்டும். நீங்கள் போக வேண்டாம், அவனே கேட்கட்டும். பின்பு என்றால் படத்தைத் திருத்தி இன்னொரு துண்டு செய்ய வாய்ப்புக் கேட்கட்டும். பெரும்பாலான ஆசிரியர்கள் தருவார்கள்.

இந்தப் பாடத்திட்டத்தில் புதிருக்குப் பிறகு ஏதாவது ஒரு பொருளைப் பிரித்துப் பார்ப்பார்கள். ஸ்டேப்ளர் என்றால் உள்ளேயிருக்கும் ஸ்பிரிங் சட்டென்று தெறிக்கும். பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றாமல் இருக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்.