காலைத் தூக்கத்துக்கு மல்லுக்கட்டுறானா?
பிரதர், வேலைய விட்டுட்டு ஒன்றரை வயசுப் பையனை நீங்கதான் பாத்துக்கறீங்க, காலைல தூங்க மாட்டேங்கிறான், குளிக்கக்கூட முடியலன்னு எழுதியிருந்தீங்க. உங்க தப்பு இல்ல, 15லருந்து 18 மாசத்துக்குள்ள நிறைய புள்ளைங்க பகல்ல ஒரே தூக்கத்துக்கு மாறிடும், ராத்திரியும் சேத்து 11லருந்து 14 மணி நேரம் தூங்கினா போதும். நானும் என் பையனை தோள்ல போட்டு தட்டித் தட்டி மெதுவா படுக்க வைப்பேன், முதுகு பாய்ல படுறதுக்குள்ள கண்ண முழிச்சு சிரிப்பான் பாருங்க, எனக்கு அழுகையே வந்துடும். அப்புறம் காலைத் தூக்கத்த விட்டுட்டு, சாப்பாட்ட சீக்கிரம் குடுத்து பன்னெண்டரைக்கு ரூமை இருட்டாக்கிப் படுக்க வச்சேன், ஒரு வாரம் ரகளைதான். குளியலா? பாத்ரூம் கதவத் திறந்து வச்சு வாசல்ல அவனுக்கு ஒரு டப்பாவும் கரண்டியும். தட்டுற சத்தம் நின்னுச்சுன்னா மட்டும் சோப்போட எட்டிப் பாத்துடுங்க.